பேசாத பேசும்படம்

பேசும்படம் என்னும் சொல் இப்போது வழக்கொழிந்துவிட்டது. பேசாத படம் என ஒன்று இல்லாமற் போனபின், பேசும்படம் என்று விதந்து கூறுவானேன்? 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் 'காளிதாஸ்' சென்னையில் வெளிவந்தபோது, திரையிலுள்ள உருவம் வாய்திறந்து பேசுகிறது என்பதே ஜனங்களுக்குப் பெரிய அதிசயமாயிருந்தது. அப்படத்திற் பேசியவர்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்கள் என்பதைக்கூட எவரும் பெருங்குறையாகக் கொள்ளவில்லை. பேசினார்கள், அதுவே போதும். எழுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்து, 2009-ஆம் ஆண்டின் இறுதியில், நிபோங் திபாலில் எங்கள் வீட்டிற்குள் மட்டும் பேசும்படம் மீண்டும் ஊமையாயிற்று. முழு ஊமை என்றாலும் சுலபமாகத் தெரிந்திருக்கும். பாடும், இடி இடிக்கும், மோட்டார் வண்டி உறுமும்; பேச மட்டும் பேசாது. அதுவும் எல்லாத் தட்டுகளிலும் அன்று. சில தட்டுகளில் மட்டுமே. இக்கோளாறு எவ்வாறு வந்தது, எவ்வாறு தீர்ந்தது என்பதை எழுதப் புகுந்தால், அதன் நிமித்தம் என் தாயாருக்கு நான் இழைத்த அநீதியையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரை அறியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நிபோங் என்பது ஒருவகைப் பனை. திபால் என்றால் அடர்த்தி. பெயரிலுள்ள பனைகளை இப்போது தேடித்தான் காணவேண்டும். கிரியான் ஆறு ஊரையொட்டி ஓடுகிறது. ஆற்றைக் கடந்தபின்னும் சிறிது தூரம் பினாங்கு மாநிலந்தான். அதற்கப்பால் பேராக்கும் பாரிட் புந்தார் பட்டணமும். சுற்றிலும் கலிடோனியா, பைராம், டிரான்ஸ்கிரியான் எனத் தோட்டங்கள். நம் முன்னோர் கரும்பு வெட்ட வந்து, பிறகு பால்மரம் வெட்டி, அதன்பின் செம்பனைக் குலை தள்ளிய மண் இது. என் தாயாரும் அத்தகைய ஒரு தோட்டத்தில் பிறந்து, இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், முப்பது ஆண்டுக்கு மேல் மரம் வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். மலாயும் ஆங்கிலமும் வாசிக்க அறியார். இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். பின்னர் இது பயன்படும்.

அவருக்குப் படம் என்றால் பேச்சுத்தான். பாட்டு வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். அவருடைய இளமைக் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். படப்பொறி ஒருபுறம், துணியருகே ஒரே ஓர் ஒலிபெருக்கி. நாயகன் பேச்சும், நாயகி அழுகையும், வில்லன் சிரிப்பும், குதிரைக் குளம்போசையும் எல்லாம் அந்த ஒரு வாயிலிருந்தே வரவேண்டும். 'பராசக்தி' காட்டிய ஓர் இரவு நடுவிலே ஒலி நின்றுபோயிற்றாம். உருவங்கள் மட்டும் வாயசைத்துக்கொண்டிருந்தன. திடலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துபோகவில்லை. நீதிமன்றக் காட்சியின் பேச்சை அறிந்தவர்கள் தாங்களே உரக்கப் பேசி முடித்தார்களாம். இதை எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, கணக்கில்லை. நான் அப்போதெல்லாம் அதை வேடிக்கைக் கதையாகக் கேட்டேனே யொழிய, ஒலி நின்றதா காது நின்றதா என்பதை ஒரு நொடியில் அறிந்துகொண்ட கூட்டம் அது என்று எண்ணிப்பார்க்கவில்லை.

நிற்க. 2008-இல் நான் ஹோம் தியேட்டர் என்னும் பொறி ஒன்று வாங்கினேன். விலை 400 வெள்ளிக்குச் சற்றே குறைவு. தட்டை விழுங்கும் பெட்டி ஒன்று. சிறிய ஒலிப்பெட்டிகள் ஐந்து. தரையில் வைக்கும் தடித்த அடித்தொனிப் பெட்டி ஒன்று. இதற்கு 5.1 என்று பெயர். ஐந்து பெட்டி விளங்குகிறது, அஃது என்ன புள்ளி ஒன்று என்று கேட்பவர்கள் உண்டு. ஆறாவது வழி முழு வழியன்று. விநாடிக்கு ஏறக்குறைய 120 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை அது சுமப்பதில்லை. இடியும் வெடியும் மட்டுமே அதன் தொழில். ஆகையால் அதனை முழு ஆளாக எண்ணாமல் புள்ளியிட்டு ஒதுக்கிவைத்தார்கள். ஐந்தில் இரண்டு முன்னே இடமும் வலமும். இரண்டு நமக்குப் பின்னே. ஒன்று தொலைக்காட்சிக்கு நேர்கீழே நடுவில். இந்த நடுப்பெட்டியை நான் பொருட்படுத்தியதே இல்லை. ஐந்திலும் அதுவே அழகற்றது.

முதல் ஓராண்டு ஒரு குறையும் இல்லை. 2009 தீபாவளிக்கு வீட்டிற்கு வெள்ளையடித்து, அலமாரிகளை இடம் மாற்றினோம். அதற்குப் பிற்பாடுதான் தாயார் முறையிடத் தொடங்கினார்.

"தம்பி, இந்தப் பெட்டி நல்லாத்தான் பாடுது. பேச மாட்டேங்குதே!" என்றார்.

நான் ஒலியைக் கூட்டினேன். அடுத்த காட்சியில் சண்டை வந்தது, கூரை அதிர்ந்தது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி எட்டிப் பார்த்தார். குறைத்தேன், மீண்டும், "வாயசைக்கிறான், ஒண்ணும் கேக்கலையே" என்றார். பழைய படத் தட்டு போட்டால் முறையீடு இல்லை. புதிய படத்திற்கே முறையீடு. எனக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது: பழைய படத்தின் வசனம் அவருக்கு மனப்பாடம், காதிற் கேளாததை நினைவு நிரப்பிக்கொள்கிறது, புதிய படத்தில் நினைவு உதவாமையால் செவிட்டுத்தன்மை வெளிப்படுகிறது! இவ்விளக்கம் எவ்வளவு பொருத்தமாயிருக்கிறது பாருங்கள். பொருத்தமாயிருப்பது உண்மையாயிருக்கவேண்டும் என்பதில்லை என்று பிறருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். ஒலி புகாத சிறு அறையில் உட்காரவைத்து, காதுகளில் குமிழ் மாட்டி, மெல்லிய ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். 67 வயதான தாயார் பள்ளிப் பரீட்சைக்கு உட்கார்ந்த சிறுமியைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்து அழுத்தினார். மருத்துவர் வரைந்து காட்டிய கோட்டில் தாழ்ந்த ஓசைகள் நன்றாகவே இருந்தன. விநாடிக்கு 4,000 அதிர்வுக்கு மேற்பட்ட கூரிய ஓசைகளில் மட்டும் சரிவு. வயது முதிர்ந்தால் முதலிற் குறைவது அவ்விடந்தான் என்றும், அதனால் சகரம் போன்ற சீறும் எழுத்துகள் சிறிது மங்கலாம் என்றும், நேரிற் பேசுவது கேட்கத் தடையில்லை, காதுக்கருவி இப்போது வேண்டா என்றும் அவர் தெளிவாகக் கூறினார். அவர் கூறியதில் 'சரிவு' என்னும் ஒரு சொல்லையே நான் வீட்டிற்குக் கொண்டுவந்தேன். எஞ்சியவற்றை அங்கேயே விட்டுவிட்டேன்.

அதன்பின் வீட்டில் நடந்ததை எழுத நாணமாயிருக்கிறது. தாயாரிடம் உரக்கப் பேசத் தொடங்கினோம். உரக்கப் பேசும்போது சொற்கள் குறைந்துபோகும். "சாப்பாடு", "மருந்து", "தூங்குங்க" என்ற அளவில் பேச்சு நின்றது. உறவினர் வந்தால், "அம்மாவுக்குக் காது மந்தம்" என்று அவர் எதிரிலேயே சொன்னோம். பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போகும்போது அவருக்கென்று படத் தட்டு வாங்கிவருவதை நிறுத்தினோம். ஞாயிறு பிற்பகலில் அவர் தம் சாய்வு நாற்காலியை விட்டு வாசற்புறத்தில் போய் உட்காரலானார். கேட்டால், "எனக்குக் காது கேக்காதாமே, நீங்க பாருங்க" என்பார். ஒருநாள் அடுக்களையில் என் மனைவியிடம், காதுக்கருவிக்கு எவ்வளவு ஆகும் என்று தாழ்ந்த குரலிற் சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து, "அந்தக் காசுக்குப் பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை வாங்கு" என்று பதில் வந்தது! கூடத்தைக் கடந்து, சுவரைக் கடந்து, அடுக்களைக் கிசுகிசுப்பு கேட்ட காதினை நான் அப்போதும் சந்தேகித்தேனே யொழியப் பொறியைச் சந்தேகிக்கவில்லை.

உண்மை வெளிப்பட்டது என் அறிவினால் அன்று. என் மகனின் குறும்பினால். ஒரு ஞாயிறன்று புதிய படம் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுவன் ரிமோட்டைக் கையில் வைத்து எதையோ அமுக்க, திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகள் மறைந்தன. மறைந்த மாத்திரத்தில் எனக்குக் கதை புரியாமற் போயிற்று! இருவர் வாயசைக்கின்றனர், பின்னணியில் வீணை ஒலிக்கிறது, பேச்சோ, கிணற்றுக்குள்ளிருந்து வரும் முனகல்போல் எங்கோ கேட்கிறது. எழுத்துகளை மீண்டும் வரவழைத்தேன், புரிந்தது. நீக்கினேன், புரியவில்லை. இத்தனை நாளும் நான் படத்தைக் கேட்கவே இல்லை, வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்ததைக் கேட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவ்வெழுத்துகளை வாசிக்க அறியாத ஒருவர் மட்டுமே இந்த வீட்டில் உண்மையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத்தான் செவிடர் என்றோம்.

அன்று பிற்பகலே ஆராய உட்கார்ந்தேன். முதலில் தட்டு கீறியிருக்குமோ என்று பார்த்தேன். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைப்பது தவறு, ஏனெனில் செய்தி எழுதிய வரி சுருள்வட்டமாகவே ஓடுகிறது, அவ்வரியின் வழியே கீறல் விழுந்தால் நீண்ட பகுதி ஒருங்கே கெட்டுப்போம். துடைத்தும் பயனில்லை. பிறகுதான் யோசித்தேன்: கீறல் என்றால் படம் திக்கும், சதுரம் சதுரமாகச் சிதறும், பாட்டும் அறுபடும். ஆறு வழிகளின் ஒலியும் தட்டில் ஒரே பொட்டலமாய்க் கட்டப்பட்டிருக்கின்றன. அப்பொட்டலத்திலிருந்து பேச்சை மட்டும் பொறுக்கியெடுத்து அழிக்கும் கீறல் உலகத்திலில்லை. போலித்தட்டோ என்னும் ஐயமும் எழுந்தது. திரையரங்கிற் கள்ளத்தனமாகப் படம் பிடித்த தட்டென்றால், பேச்சோடு முன்வரிசைக்காரர் இருமலும் இலவசமாகக் கிடைக்கும். எங்களுடையது அவ்வாறில்லை. மலேசியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒளித்தட்டுச் சட்டம் தட்டில் தயாரிப்பாளர் குறியெண் இருக்கவேண்டும் என்கிறது. நடுத்துளையை அடுத்த வளையத்தில் பொடியெழுத்துகளைக் கண்டேன். சரக்கு சரக்கே.

அடுத்து ஒரு பழைய அனுபவம் நினைவுக்கு வந்தது. வி.சி.டி. காலத்தில் கரோக்கே தட்டுகளில் ஒருபக்க வழியில் பாடகர் குரலோடு பாட்டும், மறுபக்கத்தில் வெறும் இசையும் பதிந்திருக்கும். பக்கத்து வீட்டுச் சீனரின் படத் தட்டில் ஒருபக்கம் காண்டனீஸ், மறுபக்கம் மாண்டரின். பொறி 'ஸ்டீரியோ' என்றிருந்தால் இரண்டும் ஒரே நேரத்திற் கேட்டு, ஒருவரே இரு நாவினராய்ப் பேசுவதுபோலிருக்கும். ரிமோட்டில் ஒரு பொத்தான் அழுத்தினால் ஒருபக்கம் மட்டும் கேட்கும். வி.சி.டி.க்கு வழி இரண்டே ஆகையால் இந்தச் சிக்கனம். அத்தகைய பொத்தான் ஏதேனும் தவறி அழுந்தியதோ என்று தேடினேன், இல்லை.

மறுவாரம், பேசாத தட்டை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் பாரிட் புந்தாரிலுள்ள மைத்துனர் வீட்டிற்குப் போனேன். அவர் பொறியில் அது கணீரென்று பேசிற்று. ஆகவே தட்டில் குற்றமில்லை. வீட்டிற்கு வந்து 'வீரபாண்டிய கட்டபொம்மன்' தட்டைப் போட்டேன். எங்கள் பொறியும் கணீரென்று பேசிற்று. ஆகவே பொறியிலும் குற்றமில்லை. தட்டு நல்லது, பொறி நல்லது, இரண்டும் கூடினால் பேச்சில்லை! சம்பந்தம் பேசும் இடத்தில் இப்படி நேர்வதுண்டு. மாப்பிள்ளையும் குணசாலி, பெண்ணும் குணசாலி, குடித்தனம் மட்டும் நடக்காது. காரணத்தை இருவருள் ஒருவரிடம் தேடினால் அகப்படாது. இருவருக்கும் நடுவில் தேடவேண்டும்.

நடுவில்! இரண்டு தட்டுகளின் உறைகளையும் திருப்பிப் பார்த்தேன். புதிய படத்தின் உறையில் 'டோல்பி டிஜிட்டல் 5.1'. 1959-இல் வெளிவந்த கட்டபொம்மனின் உறையில் '2.0'. அந்நாளைய படத்தின் ஒலி ஒற்றை வழியிற் பதிந்தது. தட்டில் ஏற்றும்போது அதையே இடத்திற்கும் வலத்திற்கும் சமமாகக் கொடுத்துவிட்டனர். எங்கள் பொறி இருவழித் தட்டை முன்னுள்ள இரு பெட்டிகளிலேயே ஒலிக்கும். ஆறு வழித் தட்டிலோ ஏற்பாடு வேறு. இசை இடமும் வலமும். மழையும் கூட்டத்தின் இரைச்சலும் பின்னே. பேச்சு பெரும்பாலும் நடுப்பெட்டிக்கே ஒப்படைக்கப்பட்டிருக்கும். திரையில் முகம் நடுவில் இருப்பதால் குரலும் நடுவிலிருந்து வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

பொறியின் பட்டியலைத் துழாவி, 'சோதனை ஒலி' என்பதை அழுத்தினேன். மழை பெய்வதுபோன்ற இரைச்சல் ஒன்றை அது ஒவ்வொரு பெட்டிக்கும் முறைபோட்டு அனுப்பும். இடப்பெட்டி இரைந்தது. அடுத்தது நடு. அமைதி. பிறகு வலம் இரைந்தது. பின்பெட்டிகள் இரண்டும் இரைந்தன. மீண்டும் இடம்; மீண்டும் நடுவில் அமைதி. மூன்று சுற்று அப்படியே உட்கார்ந்து கேட்டேன். பிறகு அலமாரியை நகர்த்திப் பொறியின் பின்புறம் விளக்கடித்துப் பார்த்தேன். நடுப்பெட்டியின் கம்பி, கவ்வியிலிருந்து கழன்று, தூசியில் கிடந்தது. தீபாவளிக்கு அலமாரியை இழுத்தவன் நான். நானே இழுத்து, நானே கழற்றி, நானே அதன்மேல் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பொறி ஏன் இதை அறிந்து சொல்லவில்லை என்று கேட்கலாம். நடுப்பெட்டி இருக்கிறது என்று முதல்நாள் அதற்குச் சொல்லிவைத்தோம், அது நம்பியது, வராத ஆளுக்கு நாள்தோறும் கூலி எழுதும் கணக்கப்பிள்ளையைப்போல், இல்லாத பெட்டிக்குப் பேச்சை அனுப்பிக்கொண்டேயிருந்தது. பட்டியலில் நடுப்பெட்டி 'இல்லை' என்று மாற்றிவிட்டிருந்தால், நடுவழியின் ஒலியைப் பிரித்து இடத்திற்கும் வலத்திற்கும் கொடுத்திருக்கும். இரண்டே பெட்டி வைத்திருக்கும் வீட்டார் செய்யவேண்டுவது அதுவே. பலர் அதைச் செய்யாமல், பேச்சுக் குறைகிறதென்று ஒலியைக் கூட்டி, சண்டைக்காட்சியில் அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்கின்றனர்.

கம்பியைச் செருகியபின் தாயாரை அழைத்து, அதே படத்தைத் தொடக்கத்திலிருந்து போட்டேன். சற்றுநேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பேசுதே" என்றார். காரணத்தைச் சொன்னேன். கம்பியைக் கழற்றியவன் யாரென்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போன காசு?" என்று மட்டும் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியன்று அது, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு தட்டு மட்டும் பிடிவாதமாய் நின்றது. அதில் பேச்சுமில்லை, பாட்டுமில்லை, இரைச்சலுமில்லை. படம் மட்டும் ஓடும். அது வேறு நோய். உறையில் டி.டி.எஸ். என்றிருந்தது. 1993-இல் அமெரிக்கப் படமொன்றோடு கொட்டகைக்கு வந்து, பிறகு வீட்டுத் தட்டுக்கும் இறங்கிய ஒலிப்பதிவு முறை அது. எங்கள் மலிவுப் பொறிக்கு அந்தப் பாஷை தெரியாது. முகப்பில் டோல்பி முத்திரை ஒன்றே உண்டு. ஆனால் டி.வி.டி. வகுத்தவர்கள் டி.டி.எஸ்.ஸைக் கட்டாயமாக்கவில்லை, முறையாகச் செய்த தட்டில் அதனுடன் எல்லாப் பொறியும் அறிந்த வேறோர் ஒலியும் இருந்தே தீரும். 'ஆடியோ' பொத்தானை ஒருமுறை அழுத்தினேன், டோல்பிக்கு மாறிற்று, பேசிற்று. இரவில் பார்ப்பதற்கென்று 'இரவு' என்றோர் ஏற்பாடும் பட்டியலில் இருந்தது. அது வெடியோசையைத் தாழ்த்தி மெல்லிய பேச்சை உயர்த்தும். தாயாருக்குப் பகலிலும் அதையே வைத்தேன். கூரிய ஓசைகளிற் சரிவுண்டு என்று மருத்துவர் சொன்னது பொய்யன்றே.

தாயார் நாற்காலிக்குத் திரும்பிவர ஒரு மாதம் ஆயிற்று. கம்பியைச் செருக அரை நிமிஷம் ஆயிற்று. உறவினரிடம் சொன்னதைத் திரும்பப் பெறுவதுதான் கடினமாயிருந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தும், தைப்பூசத்திற்கு வந்த என் அத்தை அவர் காதருகே குனிந்து கத்தினார். தாயார் பொறுமையாக, "எனக்கு இல்லை, பெட்டிக்குத்தான் காது கேக்காமப் போச்சு" என்று விளக்கினார்.

2016-இல் அவருக்கு மெய்யாகவே காது குறைந்தது. அப்போது தட்டுகள் அலமாரி ஏறிவிட்டன. படமெல்லாம் கம்பியில்லாமலே வந்துகொண்டிருந்தன. வானொலிச் செய்தி தெளிவாக இல்லை என்றார் ஒருநாள். நான் வாய் திறவாமல் வானொலியைத் தட்டிப் பார்த்தேன், மின்கலத்தை மாற்றினேன், வேறு வானொலியைக் கொண்டுவந்து வைத்தேன், அடுத்த வீட்டுப் பெண்ணை அழைத்துக் கேட்கச் சொன்னேன். எல்லாம் சரியாயிருந்தது. மெல்ல, "அம்மா, ஒருமுறை டாக்டரிடம் போய்வரலாமா?" என்றேன்.

"அலமாரிக்குப் பின்னாடி பாத்துட்டியா?" என்றார்.

"பார்த்துவிட்டேன் அம்மா."

"அப்படின்னா சரி, சட்டை மாத்திக்கிட்டு வா" என்று எழுந்தார்.